மூன்று மணி ஒரு நிமிடம்

இந்த அறையின் சுவர்க்கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தி ஓடுகிறது. வந்து உட்கார்ந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏறிச் சரிசெய்யட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். விசாரணைக்கு வந்தவன் நாற்காலிமேல் ஏறி நின்றால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன். தப்பாக ஓடும் கடிகாரம் கண்ணில் பட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. சிலருக்குக் கோணலாக மாட்டிய படத்தைப் பார்த்தால் கை பரபரக்குமே, அதுபோல.

என் பெயர் ஆசாகாஜி மானந்தர். வயது ஐம்பத்தொன்பது. ஓகரே பஜாரின் இந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக எந்திரங்களைப் பழுது பார்க்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. குடி கிடையாது. இந்த ஊரில் என்னைப் பற்றிக் கெட்டதாக ஒரு சொல் சொல்ல ஆள் கிடைக்காது, விசாரித்துப் பாருங்கள்.

நீங்கள் மூன்று பேரும் என்னைக் கூப்பிட்டது சின்ன விஷயத்துக்காகத்தான். பிரசவ அறையில் இருந்த பழைய வார்மரைக் கழித்துக்கட்டும்போது, காத்மாண்டுவிலிருந்து வந்த இந்த இளம் எஞ்சினியர் அதன் வயிற்றில் இருந்த குட்டிக் கம்ப்யூட்டரைத் திறந்து படித்திருக்கிறார். யார் எப்போது நேரத்தை மாற்றினாலும் அது உள்ளே ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளும். அப்படி நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். "பேட்டரி கோளாறுதானே அங்கிள்?" என்று தம்பி கேட்டார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் இந்நேரம் வீட்டில் அவலும் உருளைக்கிழங்கு அச்சாரும் தின்றுகொண்டிருப்பேன். நீங்களும் வேலையைப் பார்க்கப் போயிருப்பீர்கள். ஆனால் கேட்டவருக்குச் சரியான பதில் சொல்வதுதானே முறை.

வார்மர் வந்தது நம் நேபாளக் கணக்கில் 2071, எழுபத்தொன்றாம் வருடம். பிறந்த குழந்தையைத் துடைத்துக் கிடத்துகிற வெதுவெதுப்பான மேசை அது. மேலே சூட்டு விளக்கு, அடியில் எடைத்தட்டு. குழந்தை வெளியே வந்ததும் நர்ஸ் ஒரு பொத்தானை அழுத்துவாள். தேதி, நேரம், எடை மூன்றும் அச்சான சீட்டு வெளியே வரும். பதினோராம் நாள் பெயர் வைக்கும்போது அந்தச் சீட்டை ஜோசியரிடம் கொடுப்பார்கள், அவர் அதை வைத்து ஜாதகம் எழுதுவார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எந்தத் திசைக்கு வேலைக்குப் போகும், யாரைக் கட்டும், எந்த வயதில் எதற்குப் பயப்படும் என்பதெல்லாம் அந்தச் சீட்டின் நிமிடத்தைப் பொறுத்தது.

எங்கள் பஜாருக்கு ஜோசியர் என்றால் திலசந்திர ஜோஷி ஒருவர்தான். வார்மர் வேண்டும் என்று இந்த ஆஸ்பத்திரி வாசலில் நாலு மாதம் நடையாய் நடந்தவரும் அவர்தான். "நர்ஸுங்க சொல்ற நேரமெல்லாம் கொட்டாவி விட்ட நேரம்யா. மூணு மணி இருக்கும்னு சொல்றா. இருக்கும்னா என்ன அர்த்தம்? எந்திரம் இருக்கும்னு சொல்லாது. மனுஷன்தான் புளுகுவான், எந்திரம் புளுகாது" என்பார். சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

வார்மர் சிலிகுரியிலிருந்து லாரியில் வந்து இறங்கியது. நேரம் வைக்கும் இடத்தில் ஊர்களின் பட்டியல் இருந்தது. டெல்லி இருந்தது, டாக்கா இருந்தது, காத்மாண்டு இல்லை. டெல்லிக்குப் பதினைந்து நிமிடம் முன்னால், டாக்காவுக்குப் பதினைந்து நிமிடம் பின்னால் நாங்கள் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரியவில்லை. கொண்டுவந்தவன் டெல்லியை அழுத்திவிட்டுப் போய்ச் சேர்ந்தான். பிரசவ அறைக்குள் ஆண்கள் நுழையக் கூடாது என்பதால் ஏழு வாரம் எனக்கும் தெரியவில்லை. தெரிந்ததும் அப்போதைய பெரிய டாக்டரிடம் ஓடினேன்.

"அறுபத்தோரு குழந்தைக்குத் தப்பு நேரம் போயிருக்கு சார். எல்லாருக்கும் ஜாதகம் எழுதியாச்சு."

"பதினஞ்சு நிமிஷத்துல யார் குடியும் முழுகிடாது. வெளிய மூச்சு விடாம சரிபண்ணுய்யா."

மூச்சு விடவில்லை. பட்டியலைக் கைவிட்டு நேரத்தைக் கையால் வைத்தேன். ஆனால் அந்த அறுபத்தோரு பேரையும் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒருத்தனுக்கும் வால் முளைக்கவில்லை. கோபக்காரன் என்று எழுதப்பட்ட பிள்ளை மடியில் தூங்கியது. சாந்த சொரூபி என்று எழுதப்பட்டது அம்மாவைக் கடித்தது. அந்த வருடம் எனக்குச் சிரிப்பாகவே போயிற்று. இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு சின்னப் பொத்தான் தாங்கிக்கொண்டிருக்கிறதே என்று தோன்றியது.

நேரம் வைக்க ஒவ்வொரு முறையும் என்னை உள்ளே விடத் தலைமை நர்ஸ் ரேவதி சம்மதிக்கவில்லை. அதனால் ஒரு வயர் இழுத்து, நேரம் மாற்றும் பெட்டியைச் சுவருக்கு இந்தப் பக்கம், என் பட்டறை அறையில் பொருத்தினேன். மெல்லிய பலகைச் சுவர். அந்தப் பக்கம் பேசுவது எல்லாம் கேட்கும்.

அந்த நாட்களில் கரண்ட் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போகும். போய் வந்தால் வார்மர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு 2000 ஜனவரி ஒன்று என்று நிற்கும். முதலில் நர்ஸுகளே அதைச் சரிசெய்து பார்த்தார்கள். ரேவதி 2072 என்று நம் நேபாள வருடத்தை அடித்தாள். எந்திரம் 2037-க்கு மேல் ஏற மாட்டேன் என்றது. அதன் கணக்கில் காலமே அதோடு தீர்ந்துவிடுகிறது. நமக்கோ 2037 முடிந்து முப்பத்தைந்து வருடம் ஆகியிருந்தது. ஆஷாட மாதம் முப்பத்திரண்டாம் தேதி ஒரு பையன் பிறந்தான். முப்பத்திரண்டாம் தேதி என்று ஒன்று உலகத்திலேயே இல்லை என்று அது சாதித்தது.

"அண்ணே, ஒங்க எந்திரம் இந்தப் பையன் பொறக்கவே இல்லங்குது. இவன் எங்கைய நனைச்சிட்டான், நான் யார நம்புறது?" என்று ரேவதி சுவரைத் தட்டிக் கேட்டாள்.

அன்றிலிருந்து நேரம் வைப்பது என் பொறுப்பு. கரண்ட் வந்ததும் ரேவதி சுவரை இரண்டு தட்டு தட்டுவாள். நான் ஆங்கிலத் தேதிக்கு மாற்றி அடிப்பேன்.

ஒரு பொத்தான் பேட்டரி போட்டால் இந்தத் தொல்லையே இல்லை, தெரியுமே என்று தம்பி நினைப்பது முகத்தில் தெரிகிறது. தெரியும். வாங்கியும் வைத்திருந்தேன். உறை பிரிக்காமல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். போட்டுவிட்டால் அப்புறம் யார் சுவரைத் தட்டுவார்கள்?

முதல் முறை நான் வேண்டுமென்று நேரத்தை மாற்றியது பாரம் சுமக்கும் பிர்ஷமானுக்காக. அவன் மனைவிக்கு வலி எடுத்த நாள் மூல நட்சத்திரம். மூலத்தில் பிறந்தால் தகப்பன் இருபத்தேழு நாள் பிள்ளை முகம் பார்க்கக் கூடாது, அப்புறம் ஹோமம், தானம். அவன் வராந்தாவில் குந்தி உட்கார்ந்து அழுதான். நட்சத்திரம் முடிய இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. நான் பன்னிரண்டு நிமிடம் தள்ளி வைத்தேன். பிர்ஷமான் அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஜார் முழுக்கச் சுற்றினான். இதில் என்ன தப்பு? தையற்காரன் ஒரு விரற்கடை பிரித்து விடுகிறான், அவ்வளவுதான்.

அதன் பிறகு என் சுவரில் ஒரு பஞ்சாங்கம் தொங்கியது. நானூற்றுப் பன்னிரண்டில் கரண்ட் போனதற்கு மாற்றியது போக, நானாக மாற்றியது நூற்றுப் பத்தொன்பது. பெரும்பாலும் நல்லதுக்குத்தான். சில முறை மட்டும் சும்மா. வார்டுத் தலைவர் ஒருவர் என் சைக்கிள்மேல் காரை ஏற்றிவிட்டு, "சைக்கிள்தானே" என்று கேட்டார். அவர் மனைவிக்குப் பிரசவம் வந்தபோது நான் ஆறு நிமிடம் முன்னால் வைத்தேன். பையன் ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்று வந்துவிட்டது. அதனால் அவனை ஆற்றுப் பக்கமே விடுவதில்லை. எட்டு வயதாகிறது, நீச்சல் தெரியாது. யோசித்தால் இப்போதுதான் அவனுக்கு உண்மையிலேயே தண்ணீரில் கண்டம். அது நான் எதிர்பார்க்காதது.

நான் சொல்வதை எழுதிக்கொண்டிருந்த பிரமிளா மேடம் நிறுத்திவிட்டார். எழுதுங்கள் மேடம், இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் ஊரில் யாராவது சொல்வார்கள், அப்புறம் அதுதான் காரணம் என்று நீங்கள் முடிச்சுப் போடுவீர்கள். அது காரணம் இல்லை. எனக்கு இருபத்தேழு வயதில் சானுமையா என்று ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது, சொல்லியிருக்கிறாள். ஜோஷி ஐயா இரண்டு ஜாதகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இவனைக் கட்டினால் ஆறு வருடத்தில் பெண் தாலி அறுப்பாள் என்றார். அவர்கள் அவளைத் தரானில் ஒரு ஜவுளிக்கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது பேரன் பேத்தி எடுத்துச் சௌக்கியமாக இருக்கிறாள். நான் அந்த ஆறு வருடத்தையும் அதற்கு மேல் இருபத்தாறு வருடத்தையும் கடந்து, தினமும் காலையில் ஜோஷி ஐயாவைத் தெருவில் கும்பிட்டுக்கொண்டு உயிரோடு நடமாடுகிறேன். "நல்லா இருக்கியா ஆசாகாஜி?" என்று கேட்பார். "ஐயா புண்ணியத்துல இன்னும் சாகல" என்பேன். சிரிப்பார். என்ன சொல்கிறேன் என்பது அவருக்கு ஒரு நாளும் உறைத்ததில்லை. மறந்தே போய்விட்டார். நானும் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

எழுபத்து மூன்றாம் வருடம் மங்சிர் மாதம் பதினைந்தாம் தேதி, ஜோஷி ஐயாவின் மருமகள் ரோஜினாவைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்தார்கள். மகன் சுபின் ஸ்கூலில் கணக்கு வாத்தியார். தங்கமான பையன், என்னை மாமா என்று கூப்பிடுவான். ஜோஷி ஐயா வராந்தா பெஞ்சில் மடியில் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருந்தார்.

நானும் என் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். அன்று பிற்பகல் மூன்று இருபதுக்குக் கேட்டை முடிந்து மூலம் தொடங்குகிறது. அந்த மூட்டு இருக்கிறதே, கேட்டையின் கடைசி நாழிகையும் மூலத்தின் முதல் நாழிகையும், அதுதான் இருப்பதிலேயே பொல்லாதது. அதில் பிறந்த பிள்ளையின் முகத்தைத் தகப்பன் எட்டு வருடம் பார்க்கக் கூடாது. பார்த்தால் தகப்பனுக்கு ஆகாது. ஒரு நாழிகை இருபத்து நான்கு நிமிடம். ஆக, இரண்டு ஐம்பத்தாறிலிருந்து மூன்று நாற்பத்து நான்கு வரை.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. இரண்டரைக்கு வந்தது. ரேவதி சுவரை இரண்டு தட்டு தட்டினாள்.

"அண்ணே, பழைய யுகத்துக்குப் போயிடுச்சு. சீக்கிரம் வைங்க. இன்னும் பத்து நிமிஷந்தான், தலை தெரியுது."

பத்து நிமிடம் என்றால் இரண்டு நாற்பது. பொல்லாத நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே பிள்ளை பிறந்துவிடும். கேட்டைக்கு உரிய சின்ன சாந்தி, பதினோராம் நாளோடு முடிந்துவிடும். நான் இரண்டு முப்பத்தொன்றுக்குப் பதில் இரண்டு ஐம்பத்தொன்று என்று வைத்தேன். பிரசவ அறைச் சுவர்க்கடிகாரத்தை அன்று காலையிலேயே எண்ணெய் போட வேண்டும் என்று கழற்றி வாங்கி வைத்திருந்தேன்.

என் எண்ணம் என்ன என்பதைத் தெளிவாகச் சொல்கிறேன். யாருக்கும் கெடுதல் செய்வது என் எண்ணம் இல்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள் சொந்தப் பேரக்குழந்தை என்று வரும்போது எப்படியும் ஒரு சந்து கண்டுபிடிப்பார். ஒரு நாழிகை இல்லை, அரை நாழிகைதான் கணக்கு என்று சொல்கிற சாஸ்திரமும் இருக்கிறது, எனக்கே தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவார். நான் என் அறையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரிப்பேன். அப்புறம் எல்லோரும் வீட்டுக்குப் போவோம்.

குழந்தை இரண்டு நாற்பத்தொன்றுக்கு அழுதது. எந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று வராந்தாவில் யாரும் மணி பார்க்கவில்லை. சீட்டு மூன்று மணி ஒரு நிமிடம் என்று சொன்னது. உடனே நேரத்தைச் சரியாக வைத்துவிட்டேன். தப்பாக ஓட விட என்னால் முடியாது.

ரேவதி குழந்தையைக் குளிப்பாட்டி, தாயைச் சுத்தம்செய்து, வெளியே வர அரை மணி ஆகிவிட்டது. "பொண்ணு. ரெண்டு கிலோ தொள்ளாயிரம். மிட்டாய் எங்க வாத்தியாரே?" என்றாள். சுபின் அவள் பேசி முடிப்பதற்குள் அறை வாசலுக்குப் போய்த் திரையில் கை வைத்துவிட்டான்.

"சுபின், நில்லு" என்றார் ஜோஷி ஐயா.

சீட்டு அவர் கையில் இருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் படித்தார். பஞ்சாங்கத்தில் விரல் வைத்து எண்ணினார். எனக்கு என் அறை வாசலிலிருந்து எல்லாம் தெரிந்தது.

"மூணு ஒண்ணு" என்றார். "மூணு இருபதுக்கு மூலம். பத்தொம்பது நிமிஷம் முன்னாடி. நாழிகைக்கு உள்ள."

"அரை நாழிகைன்னும் சொல்றாங்களேப்பா" என்றான் சுபின். கை இன்னும் திரையில்தான் இருந்தது. "நீங்களே ஒரு தடவ சொல்லியிருக்கீங்க. அரை நாழிகைன்னா பன்னெண்டு நிமிஷம். இது தப்பிச்சிடுது."

"சொல்லியிருக்கேன். ஆனா முப்பது வருஷமா ஊருக்கு ஒரு நாழிகைன்னுதான் எழுதிக்கிட்டிருக்கேன். இதே நாழிகையில பொறந்த தீக்ஷ்யாவோட அப்பன எட்டு வருஷம் அவ மூஞ்சியப் பாக்க விடல. அவன் என் கால்ல விழுந்தான், அப்பவும் விடல. இப்ப என் வீட்டுக்குன்னு வந்ததும் அரை நாழிகையா? அவன் மொகத்துல நான் எப்படிடா முழிப்பேன்?"

"அப்பா, ஒரே ஒரு தடவ பாத்துட்டு..."

"ஒனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்னடா செய்வேன்?" என்றார். சுபின் திரையிலிருந்து கையை எடுத்தான்.

அவர் யோக்கியராக இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் கணக்கில் நேர்ந்த ஒரே பிழை அதுதான்.

ரோஜினாவையும் குழந்தையையும் ஒரு வாரத்தில் போஜ்பூருக்கு, அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜீப்பில் ஆறு மணி நேரம். ரோஜினா இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தனியாக வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போவாள். குழந்தைக்கு இஷா என்று பெயர் வைத்தார்கள். போட்டோவிலும் முகம் பார்க்கக் கூடாது என்று ஜோஷி ஐயா சொல்லிவிட்டார். யாராவது மறந்துபோய்ப் படம் அனுப்பிவிடுவார்கள் என்று சுபினைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பேசலாம், குரலுக்குத் தடை இல்லை. அவன் ஸ்கூல் விட்டதும் என் பட்டறைக்கு வந்து உட்கார்ந்து மகளிடம் போனில் பேசுவான். வீட்டில் அப்பா முன்னால் பேசினால் அழுகை வந்துவிடுகிறதாம். நான் தேநீர் போட்டுக் கொடுப்பேன்.

"பாபா, ஒனக்கு மீச இருக்கா?" என்று அவள் ஒரு நாள் கேட்டது எனக்கும் கேட்டது.

"இருக்கு. ஒனக்கு?"

"எனக்கெதுக்கு மீச, லூசு பாபா. எனக்குப் பல்லுதான் இல்ல. ரெண்டு போச்சு."

"எந்த ரெண்டு?"

"முன்னாடி ரெண்டு. வந்து பாரேன். வர மாட்டேங்கிற."

சுபின் போனைக் கையால் மூடிக்கொண்டான். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

போஜ்பூர் சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் பிரிட்ஜ் ஒன்று கெட்டுப்போனது. போன வருடம் அதைச் சரிசெய்யப் போனவன், அப்படியே அவர்கள் வீட்டுக்கும் ஒரு நடை போனேன். இஷா என் பையிலிருந்த திருப்புளியை எடுத்து, ஓடாத ரேடியோ ஒன்றைக் கழற்றி, திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்தாள். அப்பா எப்படி இருப்பார் என்று கேட்டாள். மீசையோடு இருப்பார், குள்ளமாக இருப்பார், சிரித்தால் கண் காணாமல் போய்விடும் என்றேன். திரும்பி வந்து சுபினிடம், உன் காது அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது, விடைத்த காது என்று சொன்னேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான். "நீங்க குடுத்து வச்சவரு மாமா" என்றான். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை, என்னை அவ்வளவு மட்டமாக நினைக்காதீர்கள்.

நடுவில் ஏன் சொல்லவில்லை என்று மேடம் கேட்கிறார். நியாயமான கேள்வி. ஜோஷி ஐயா என்னிடம் வந்து, "ஆசாகாஜி, அன்னைக்கு நேரம் சரியா இருந்துச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பேன். தினமும் காலையில் கும்பிட்டபோது அதற்குத் தயாராகத்தான் நின்றேன். எட்டு வருடத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை. எந்திரம் புளுகாது என்று அவர்தான் முடிவு செய்துவிட்டாரே. கேட்காதவருக்கு நானாகப் போய்ச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் இல்லையா? அப்புறம், யாரும் கதவைப் பூட்டி வைக்கவில்லை. சுபின் எந்த நாள் வேண்டுமானாலும் ஜீப் ஏறிப் போய்ப் பார்த்திருக்கலாம். போகாதது அவர்கள் முடிவு. நான் மாற்றியது இருபது நிமிடம். மீதி எட்டு வருடத்தை அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை மங்சிர் பதினைந்து. எட்டு வருடம் முடிகிறது. குழந்தையை அழைத்து வருகிறார்கள். ஒரு வெண்கலக் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, அதில் விழும் நிழலில்தான் தகப்பன் முதலில் மகள் முகத்தைப் பார்க்க வேண்டும், பிறகு நேரில். ஜோஷி ஐயாதான் முன்னால் உட்கார்ந்து நடத்தப் போகிறார். பஜார் முழுக்க அழைப்பு, எனக்கும் வந்திருக்கிறது. சுபினே கொண்டுவந்து கொடுத்தான். சவரம் செய்துகொண்டு வந்திருந்தான், மீசையை மட்டும் விட்டுவைத்து. "அவகிட்ட மீச இருக்குன்னு சொல்லிட்டேன் மாமா, இப்ப எடுத்தா ஏமாந்துடுவா" என்றான்.

நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமை அந்தக் கிண்ணத்தில் அவன் முகம் பார்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது. பொல்லாத நேரத்தில் பிறந்தது, பெரியவர் சொல்படி நடந்தார்கள், தகப்பனுக்கு ஒரு தலைவலிகூட வராமல் தப்பித்தான் என்று ஊரே பேசும். சாஸ்திரம் ஜெயித்தது என்று ஆகிவிடும். ஜோஷி ஐயா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, தான் செய்தது சரி என்ற நிம்மதியோடு கண்ணை மூடுவார். அது உண்மை இல்லை. உண்மை இல்லாத ஒன்று ஊரில் நிலைத்துவிடக் கூடாது. அதனால்தான் நேற்றும் சொல்லவில்லை, போன வருடமும் சொல்லவில்லை, இன்று சொல்கிறேன். இன்று வியாழன். நாளை நீங்கள் அவரைக் கூப்பிட்டுச் சொல்ல ஒரு நாள் இருக்கிறது, அது போதும்.

சாட்சி வேண்டுமென்றால் தம்பியின் தாளில் முந்நூற்று எண்பத்தேழாவது வரியைப் பாருங்கள். அன்று பிற்பகல் மூன்று மூன்றிலிருந்து இரண்டு நாற்பத்து மூன்றுக்கு நேரம் பின்னால் வந்திருக்கும். கரண்ட் போய் வந்தால் அப்படி வராது, கைதான் அப்படிச் செய்யும். அது என் கை. குழந்தை இரண்டு நாற்பத்தொன்றுக்குப் பிறந்தது. அவள் முகத்தை அன்றைக்கே, திரையை விலக்கி, அவள் தகப்பன் பார்த்திருக்கலாம். நான்தான் பார்க்க விடாமல் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். வேலையை விட்டு நீக்கினாலும் போலீஸுக்குக் கொடுத்தாலும் எனக்கு வருத்தம் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு ஜோஷி ஐயாவிடம் இதைப் படித்துக் காட்டும்போது நானும் அந்த அறையில் இருக்க வேண்டும், அவர் முகம் தெரிகிற மாதிரி நேர் எதிரே ஒரு நாற்காலி போட்டால் போதும். எனக்கு அவர்மேல் கோபம் ஒன்றும் இல்லை. எழுபத்தொன்பது வயது மனிதர், அந்த நேரத்தில் தெரிந்தவன் ஒருவன் பக்கத்தில் இருப்பது அவருக்கு ஆறுதலாக இருக்கும்.